பீரோவுக்குப் பின்னாடி

சின்னவள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறாள் என்ற சேதி பெரியவளுக்கு மூக்கு வழியாகத்தான் வந்தது. கண் வழியாக வர முடியாது. நடுவில் இரண்டு பீரோ நின்றது.

வீடு என்னவோ ஒன்றுதான். நீளவாக்கில், முன்னாலும் பக்கவாட்டிலும் வாசல் வைத்த ஒரு கூடம், பின்னால் ஒரு சமையல்கட்டு, அதற்கும் பின்னால் குளியலறையும் துணி துவைக்கிற கல்லும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாடகைக்குப் பிடித்தது. அண்ணனுக்குப் பஸ் ஓட்டுகிற வேலை. தம்பிக்கு ஃபர்னிச்சர் கடையில் நிற்கிற வேலை. நாள் முழுக்க நாற்காலிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும், ஒன்றில்கூட உட்காரக் கூடாது. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் எல்லாம் ஒரே உலை, ஒரே சோறுதான். அப்புறம் ஒரு சோபா வந்து குடும்பத்தை உடைத்தது.

சொத்துக்காக உடைந்த குடும்பம் என்றால் அதில் ஒரு கெத்து இருக்கிறது. கோர்ட்டு, வக்கீல் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். சோபாவுக்காக உடைந்த குடும்பம் வெளியே மூச்சு விட முடியுமா? அதுவும் எப்பேர்ப்பட்ட சோபா! கடைக்கு வந்தவர் போனவர் எல்லாம் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, வேண்டாம் என்று போன சோபா. கடைசியில் முதலாளி அதைத் தம்பி தலையில் கட்டினார். கருஞ்சிவப்பு ரெக்சின். உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது 'போகாதே' என்பது மாதிரி தொடையைப் பிடித்து இழுக்கும்.

பெரியவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "இது என்ன சோபாவா, செத்த எருமையா? காலை நீட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்கு" என்றாள்.

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அவள் வாயிலிருந்து வேடிக்கை வெளியே வரும்போது ஆணியும் கூடவே வரும். அது பிறவிக் கோளாறு.

சின்னவள் அழுதிருந்தால் பெரியவள் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் கொடுத்திருப்பாள். அவள் அழவில்லை. "எருமைக்குத்தான் எருமைய அடையாளம் தெரியும்" என்றாள். மறுநாள் அவள் பீரோ கூடத்தின் நடுவுக்கு வந்தது. பெரியவள் சும்மா இருப்பாளா? அதை ஒட்டித் தன் பீரோவை நிறுத்தினாள். சின்னவள் பீரோவின் கதவு சின்னவள் பக்கம், பெரியவள் பீரோவின் கதவு பெரியவள் பக்கம். ஆளுக்கொரு முகமும் ஆளுக்கொரு முதுகும். மிச்சமிருந்த சந்தில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். சமையல்கட்டில் பெரியவள் அடுப்பு, துவைக்கிற கல் பக்கத்தில் சின்னவள் அடுப்பு. அண்ணனும் தம்பியும் மட்டும் தெருமுனை டீக்கடையில், கள்ளக்காதலர்கள் மாதிரி, ஒளிந்து சந்தித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுக்கும்போதே விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள். "ஒரே குடும்பம்னு சொன்னதாலதான் தரேன். முன்னாடி இருந்தவன் வீட்டை ரெண்டாத் தடுத்து ஆள் வெச்சான். ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா அன்னைக்கே மூட்டை கட்டணும். அழுதாலும் கேக்க மாட்டேன்." அப்போது எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு என்ன காசா பணமா?

பீரோக்களுக்கு மேலே கூரை வரைக்கும் திறந்த வெளி. பார்வைக்குத்தான் தடுப்பு; பேச்சு, தும்மல், குறட்டை, முட்டை பொரிக்கிற வாசம் எல்லாம் தாராளமாகப் போய் வந்தன. ஓரகத்திகள் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார்களே தவிர, பேசுவதை நிறுத்தவில்லை. ஆளுக்கொரு புருஷன் இருந்தான். அவனைப் பார்த்துச் சொன்னால் சொல்லவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே பெயிண்ட் வாசம் வந்ததும் பெரியவள் தன் புருஷனைப் பார்த்து, "ஏங்க, எங்கயோ பெருச்சாளி செத்துக் கெடக்கு போல" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, "என்னங்க, பெயிண்ட் வாசமே தெரியாம வளர்ந்தவங்க இருக்காங்க பாருங்க, பாவம்" என்று பதில் வந்தது.

"என்ன கலரோ என்ன கண்றாவியோ!"

"ரோஸ்னு சொல்லுங்க. பேபி ரோஸ். டப்பாவுலயே போட்டிருக்கு."

பெரியவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். தம்பி அந்தப் பக்கம் ஒருமுறை இருமினான். இரண்டு ஆண்களும் தபால்பெட்டிகள்தான். போடுகிற கடிதத்தைப் பெட்டி படித்துப் பார்க்குமா?

மறுநாள் பெரியவள் வேலைக்குக் கிளம்பும்போது போர்வை விலகியிருந்த இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். சுவர் முழுக்க ரோஸ். பஞ்சு மிட்டாய்க்காரன் சைக்கிளோடு உள்ளே வந்து செத்துப்போன மாதிரி இருந்தது. அதன் நடுவில் எருமை படுத்திருந்தது. 'புருவம் பிடுங்கறவளுக்குச் சுவரைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்' என்று நினைத்துக்கொண்டாள். சின்னவளுக்கு ஒரு பியூட்டி பார்லரில் வேலை. வாயில் ஒரு நூலைக் கடித்துக்கொண்டு ஊரார் புருவத்தையெல்லாம் ஒழுங்கு பண்ணுவாள்.

ஆனால் வேலைக்குப் போன இடத்தில் பெரியவளுக்குக் கை ஓடவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. கொதிக்கிற ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை இரண்டு பேராக இழுத்து, உதறி, மடிக்க வேண்டும். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நடுநடுவே பச்சை, டாக்டர்மார் ஆபரேஷனுக்குப் போடுகிற பச்சை. அன்றைக்கு ஒரு விரிப்பை உதறியபோது தன் பக்கத்துச் சுவர் அவள் கண் முன்னால் வந்தது. மழைக்காலத்தில் ஊறி, வெயில்காலத்தில் உரிந்து, சொறி பிடித்த நாய் முதுகு மாதிரி நிற்கிற மஞ்சள் சுவர். ஒரே கூடத்தில் ஒரு பாதி மணப்பெண், மறுபாதி நோயாளியா?

"ஏங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள நம்ம பக்கமும் அடிச்சாகணும்" என்றாள் சாயங்காலம்.

"வாடகை வீட்டுக்கா? நம்ம காசப் போட்டா?"

"மானம் என்ன வாடகைக்கா எடுத்திருக்கோம்?"

பெரியவன் சட்டையைக் கழற்றினான். அவளிடம் பேசி ஜெயித்ததாக அவன் வாழ்க்கையில் சரித்திரமே இல்லை.

சுரண்ட ஆரம்பித்தார்கள். தகட்டை வைத்துத் தள்ளினால் மஞ்சளுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி, காவிக்குக் கீழே பெயர் தெரியாத ஒரு அழுக்கு. முன்னால் இருந்தவன் ஒவ்வொருத்தனும் தன் புத்தியை ஒரு பூச்சாகப் பூசிவிட்டுப் போயிருந்தான். பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் புருவம் நரைத்துப்போனது. அந்தப் பக்கத்திலிருந்து தும்மல் கேட்டது. பெரியவளுக்கு அந்தத் தும்மல் பாட்டுக் கச்சேரியாக இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பெரியவன் பஸ் ஓட்டுகிற மாதிரியே பெயிண்ட் அடித்தான். ஒரே மூச்சில் நேராகப் போவது, வளைவு வந்தால் பல்லைக் கடிப்பது. பீரோ வந்ததும் பிரேக் போட்டு நின்றான். "நகத்தணுமே இதை."

"நகத்தினா அவ பக்கம் தெறந்துக்கும். அவ மூஞ்சிய நான் பாக்கணுமா? பீரோ வரைக்கும் அடிங்க. அதுக்குப் பின்னாடி நம்ம நாடு இல்ல."

சின்னவளும் அந்தப் பக்கம் இதே சட்டத்தைத்தான் போட்டிருந்தாள். பீரோவின் முதுகு சுவரைத் தொடுகிற இடத்தில் ரோஸ் நின்றது. வயிறு தொடுகிற இடத்தில் பச்சை நின்றது. நடுவில் பீரோவின் பக்கவாட்டு அகலத்துக்கு ஒரு பட்டை, யாருக்கும் சொந்தமில்லாத பழைய மஞ்சள்.

பச்சை என்றால் வெளிர்பச்சை. கடையில் நூறு நிறம் காட்டினார்கள். பெரியவள் கை தானாக அங்கேதான் போனது. அடித்து முடித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கே லேசாக உறைத்தது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியுமா?

"என்னங்க" என்றது மறுபக்கக் குரல். "ராத்திரி போர்வையச் சரியாப் போடுங்க. அந்தப் பக்கம் தவறிப் போனா ஊசி போட்டு அனுப்பிடுவாங்க போலருக்கு."

பெரியவன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தான். காகிதம் ஆடியதில் மாட்டிக்கொண்டான். அதற்குப் பழிவாங்குவது மாதிரி பெரியவள் பச்சை எனாமல் வாங்கி வந்து மர நாற்காலிகளுக்கு அடித்தாள். முக்காலிக்கு அடித்தாள். அலமாரிப் பலகைக்கு, கட்டில் காலுக்கு, தண்ணீர்க் குடம் வைக்கிற ஸ்டூலுக்கு. "அசையாம நிக்காதடா, உன்னையும் அடிச்சிருவா" என்று பெரியவன் டீக்கடையில் தம்பியிடம் சொன்னான். தம்பி, "எங்க வீட்ல அவ குஷன் உறையெல்லாம் ரோஸ்ல தைக்கச் சொல்லியிருக்கா. கனவுல நாக்கு நாக்கா வருதுண்ணே" என்றான்.

இப்படி இரண்டு ராஜ்ஜியங்களும் செழித்துக்கொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவன் போன் அடித்தது. வீட்டுக்காரம்மா. பெயிண்ட் கடைக்காரர் அவளுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமாம்.

"வீட்டுக்கு உங்க செலவுல பெயிண்ட் அடிக்கிறீங்களாமே! கேட்டதும் எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. சாயங்காலம் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

போனை வைத்தபோது பெரியவன் முகம், பிரேக் பிடிக்காத இறக்கத்தில் வண்டி போகிற டிரைவர் முகமாக இருந்தது. பீரோவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருந்தது. போர்வை விலகியது. சின்னவள் நின்றாள். பின்னால் தம்பி.

ரொம்ப நாளைக்கப்புறம் நாலு பேரும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். 'பார்லர்ல சோறு தின்ன விடமாட்டாங்க போல' என்று பெரியவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடும்ணே அந்தம்மா" என்றான் தம்பி.

"சொல்லட்டும்" என்றாள் பெரியவள். "விட்டுது சனியன். அவங்கவங்க அவங்கவங்க வழியப் பாத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. காலி பண்ணினால் இனிமேல் ஒரே வீடாகப் பார்க்க மாட்டார்கள்; அது நாலு பேருக்குமே தெரியும். ஊரின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. அப்புறம் கல்யாணம் கருமாதிக்குப் பார்த்துக்கொள்வது. பெரியவளுக்கு அந்தச் சாயங்காலங்கள் ஒரு கணம் தெரிந்தன. சலவைக் கூடத்திலிருந்து வந்து, அடுப்பை மூட்டி, என்ன சொன்னாலும் 'ம்' என்று மட்டும் சொல்லும் ஒரு மனுஷனோடு உட்கார்ந்திருப்பது. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? பீரோவ நகத்துங்க" என்று கத்தினாள்.

அண்ணனும் தம்பியும் மூச்சுப் பிடித்து நகர்த்தினார்கள். பீரோ தரையைக் கீறிக்கொண்டு அழுதபடி வந்தது. பின்னால் சுவர் தெரிந்ததும் தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் ரோஸ், நடுவில் ஒட்டடையோடு மஞ்சள்.

"எந்த நாட்டுக் கொடிடா இது?" என்றான் பெரியவன். அன்றைக்கு அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

கொடியின் கீழே தரையில் ஒரு கரண்டி கிடந்தது. நீளக் காம்புச் சோற்றுக் கரண்டி. சின்னவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பெரியவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கரண்டி. பீரோ மேலே வைத்தது சரிந்து விழுந்திருக்க வேண்டும். பெரியவள் அதைக் காலால் மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளப் பார்த்தாள். சின்னவளுடைய கண்ணோ, புருவத்தில் ஒற்றை முடியைக் கண்டுபிடிக்கிற கண்.

பெயிண்ட் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. பச்சை டப்பாவில் அடியில் கொஞ்சம், ரோஸ் டப்பாவில் அடியில் கொஞ்சம். எது ஒன்றும் பட்டைக்குப் போதாது. வேறு வழியில்லாமல் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினார்கள்.

"கலக்க ஏதாவது நீளமா வேணுமே" என்றான் தம்பி.

சின்னவள் பெரியவளைப் பார்த்து நேராகப் பேசினாள். "அந்தக் கரண்டியக் குடுங்கக்கா. கட்டிலுக்கடியில வெச்சிருக்கீங்களே."

பெரியவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். குனிந்ததில் முகம் தெரியாமல் போனது ஒரு வசதி.

கலக்கிய நிறத்துக்கு எந்தக் கம்பெனியும் பெயர் வைத்திருக்காது. நேற்றுப் போட்டு மறந்துபோன டீயில் ஆடை படிந்த நிறம். "சாணி" என்றாள் பெரியவள். "சாணிகூடக் கொஞ்சம் களையா இருக்கும்" என்றாள் சின்னவள். முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்று ஒன்றை இகழ்ந்தார்கள்.

பெரியவன் ஒட்டடை அடித்து, சுரண்டக்கூட நேரமில்லாமல் அப்படியே பூசினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுவர் காயவே இல்லை. விரல் வைத்தால் விரல் ரேகை பதிந்தது. சின்னவள் கைப்பையிலிருந்து தலைமுடி காயவைக்கிற மெஷினை எடுத்து வந்து சுவருக்குக் காட்டினாள். அதன் இரைச்சலில் பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியே ஒரு ஃபேஷியலும் பண்ணி விட்ரு."

"புருவமும் எடுத்து விடறேன். உங்க சுவத்துக்கு ரொம்ப அவசியம்."

பெரியவள் உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு வைத்தாள். நின்றபடியே தின்றார்கள். அப்புறம் மற்ற வேலைகள். துவைக்கிற கல் பக்கத்து அடுப்பு துணி மூட்டைக்குள் போனது. இரண்டு துடைப்பத்தில் ஒன்று பரணுக்குப் போனது. பீரோக்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போயின. எருமையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் பச்சை நாற்காலிகளை நிறுத்தினார்கள். தம்பி தள்ளி நின்று பார்த்து, கடையில் பழகிய குரலில், "லுக் வந்துருச்சுண்ணே" என்றான். எருமைக்குத் தீனி போட்டு வைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரம்மா குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, சொந்த வீட்டில் எதற்குக் கழற்ற வேண்டும்? சின்னவள் சோபாவைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றாள். உட்கார்ந்தாள். எழுந்தபோது சோபா அவளையும் பிடித்து இழுத்தது. அவள் அதை ஒரு முறை முறைத்துவிட்டுச் சுவர் பக்கம் போனாள்.

"இதென்ன மூணு கலரு?"

"இப்ப இதாம்மா ஃபேஷன்" என்றான் தம்பி. "காண்ட்ராஸ்ட்னு சொல்லுவாங்க. பெரிய பெரிய பங்களாவுலயெல்லாம்..."

"நானும் ஒரு பங்களாவுலதான் இருக்கேன். அங்க யாரும் இப்படிக் கக்கி வெக்கல." அவள் திரும்பினாள். "ரோஸ் யாரு எடுத்தது? பச்சை யாரு எடுத்தது? ஒரே வீட்டுல ஆளுக்கொரு கலரா? எனக்கு ஒண்ணும் சரியாப் படலையே."

சின்னவள் கை, ரோஸ் குஷனின் மூலையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் நூல் அறுத்த கோடுகள். பெரியவள் அதைப் பார்த்தாள்.

"ரெண்டும் நான்தாம்மா எடுத்தேன்" என்றாள்.

"ரெண்டுமா?"

"ஆமாம்மா. மொதல்ல ரோஸ்தான் புடிச்சிருந்தது. ரொம்ப அழகா இருக்குன்னு வாங்கினேன்." நாக்கு ஒவ்வொரு சொல்லாக வேப்பெண்ணெய் குடித்தது. "பாதி அடிச்சப்பறம் பச்சை மேல ஆசை வந்துருச்சு. எனக்கு மனசு ஒரு நிலையில நிக்காதும்மா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"பாத்தாலே தெரியுது" என்றாள் வீட்டுக்காரம்மா. பெரியவன் செய்தித்தாளைத் தேடினான். இல்லை.

அதோடு போயிருக்கலாம். ஆனால் அந்தம்மா கண் கீழே இறங்கியது. கூடத்தின் குறுக்கே, சுவரிலிருந்து வரிசையாக, பீரோக் கால்கள் விட்டுவிட்டுப் போன துரு வட்டங்கள். சுவரை மறைத்தார்கள், அடுப்பை மறைத்தார்கள், துடைப்பத்தைக்கூட மறைத்தார்கள். நாலு பேரில் ஒருத்தருக்கும் குனிந்து தரையைப் பார்க்கிற புத்தி இல்லை.

"இங்க பீரோ நின்னிருக்கு" என்றாள் அவள் மெதுவாக. "ஒண்ணு இல்ல, ரெண்டு. குறுக்க. வீட்டத் தடுத்திருக்கீங்க."

பெரியவள் வாயைத் திறந்தாள். எருமை முதல் பெருச்சாளி வரை எதற்கும் சொல் வைத்திருந்த வாய், தேவைப்பட்ட நேரத்தில் ஓட்டாண்டியாகிவிட்டது.

சின்னவள் முன்னால் வந்தாள். குரலைத் தாழ்த்தி, பெண்ணுக்குப் பெண் சொல்கிற ரகசியம் மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னம்மா இருக்கு? அக்காவுக்கும் மாமாவுக்கும் ஆகல" என்றாள்.

"ஆகலன்னா?"

"சண்டைம்மா. அக்கா மாமா மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு நடுவுல பீரோவ வெச்சுட்டாங்க. மாமா பாவம் அந்தப் பக்கம் தனியாப் படுத்துக் கெடந்தாரு. நாங்கதான் பேசிப் பேசி இப்ப சேத்து வெச்சிருக்கோம். அந்த சந்தோஷத்துலதான் இந்தப் பெயிண்டே."

பெரியவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். இந்தக் கண்ணால் எரிக்கிற வித்தை உண்மையிலேயே இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு பியூட்டி பார்லரில் ஒரு இடம் காலியாகியிருக்கும்.

"அப்படியாம்மா?" என்றாள் வீட்டுக்காரம்மா, பெரியவளிடம்.

"ஆமாம்மா" என்றாள் பெரியவள்.

"இந்த வயசுல என்னடி உனக்கு ரோஷம்? ஆளப் பாத்தா வாயில்லாப் பூச்சியா இருக்காரு. அவரப் போயி..." என்று ஆரம்பித்து, வீட்டுக்காரம்மா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு புத்திமதி சொன்னாள். விட்டுக்கொடுப்பது பற்றிச் சொன்னாள். வாயை அடக்குவது பற்றிச் சொன்னாள். ஓரகத்தியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். பெரியவள் தலையைக் குனிந்து ஒவ்வொன்றுக்கும் 'சரிம்மா' போட்டாள். வாயில்லாப் பூச்சி முகத்தில் பல வருஷமாகக் காணாத ஒரு தேஜஸ் வந்திருந்தது. தனக்காக ஒருத்தர் நியாயம் கேட்பதை அந்த மனுஷன் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான்.

போகும்போது வீட்டுக்காரம்மா நடுப்பட்டையில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. "இந்தக் கலரு பரவால்ல. வீடு முழுக்க இதையே அடிச்சிருக்கலாம்" என்று சொல்லி, விரலைப் பச்சை நாற்காலியின் முதுகில் துடைத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் பெரியவள் திரும்பினாள். "ஏண்டி, நான் என் புருஷனத் தள்ளி வெச்சவளா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? நீங்க வாயத் தொறந்திருந்தா எருமை வெளிய வந்திருக்கும்."

"இந்த ரோஸ அழகுன்னு சொன்னேன் பாரு, அதுக்கு என் நாக்கத்தான் அறுக்கணும்."

"நான்கூட நெஜமோன்னு ஒரு நிமிஷம் நம்பிட்டேன்க்கா."

பெரியவள் அடுப்படிக்குப் போனாள். டீ போட்டாள். ஞாபக மறதியாக நாலு தம்ளர் வைத்துவிட்டாள். ஊற்றிய பிறகு என்ன செய்வது, கொடுத்தாள். சின்னவளுக்கு மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி குறைத்தாள். அவள் குறைவாகத்தான் குடிப்பாள் என்பது எப்படியோ மறக்கவில்லை.

குடித்து முடித்து அண்ணனும் தம்பியும் பீரோவுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். "எங்க வெக்கறது?" என்றான் பெரியவன், பொதுவாக.

ஓரகத்திகள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"எங்க இருந்துச்சோ அங்கதான்" என்றாள் பெரியவள்.

"பின்ன? வேற எங்க?" என்றாள் சின்னவள்.

தூக்கிக்கொண்டு வந்து துரு வட்டங்களில் கால் பொருந்த வைக்கப் போனார்கள். "யோவ், யோவ்!" என்று பெரியவள் கத்தினாள். "பெயிண்டு ஈரமா இருக்கு. ஒட்டிக்கிட்டா பீரோவும் போச்சு, சுவரும் போச்சு. தள்ளி வைங்க. காயற வரைக்கும் ஒரு ஆள் போற அளவுக்குத் தள்ளி வைங்க."

அப்படியே வைத்தார்கள். போர்வைச் சந்து ஒரு பக்கம், இந்தப் புதுச் சந்து ஒரு பக்கம்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. சலவைக் கூடத்தில் விரிப்புகள் உதறும் முன்பே காய்ந்தன. டீ நிறப் பட்டை கல் மாதிரி இறுகி, ஒரு இடத்தில் வெடிப்பு விடவும் ஆரம்பித்தது. அந்தச் சந்து வழியாக மிஞ்சின ரொட்டி போனது, அவித்த முட்டை வந்தது, கரண்டி போய் வந்தது. ஏச்சும் வழக்கம்போலத்தான். ஆனால் இப்போது பீரோவுக்கு மேலே தூக்கி எறிய வேண்டியதில்லை, நடந்து வந்தே கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஒரு நாள் பெரியவன், வெயிலில் பஸ் ஓட்டிக் களைத்து வந்தவன், வாய் தவறிக் கேட்டுவிட்டான். "சுவரு காஞ்சு எவ்வளவோ நாளாச்சே. பீரோவ ஒட்டி வெச்சுரலாமா?"

பெரியவள் எழுந்து போனாள். பட்டையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சூடான, உலர்ந்த, சொரசொரத்த சுவர். அந்தப் பக்கம் சின்னவளும், பேச்சு காதில் விழுந்து, எழுந்து வந்து நின்றிருந்தாள்.

"உங்க பக்கம் எப்படிடி இருக்கு?"

சின்னவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பிசுபிசுன்னுதான்க்கா இருக்கு."

"இங்கயும் அப்படித்தான்" என்றாள் பெரியவள், புருஷன் பக்கம் திரும்பி. "கண்ட கலரையும் கலந்து அடிச்சா எங்கேருந்து காயும்? பெயிண்டு அடிச்ச மூஞ்சியப் பாரு!"